ஷாம்பு ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேருபவருக்கு

இந்துஸ்தான் யூனிலீவர், ஐடிசி, கோத்ரெஜ், மாரிகோ, லோரியல், சென்னையின் கவின்கேர் என்று எந்தப் பெரிய நுகர்பொருள் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்தாலும் முதலில் உதற வேண்டியது கல்லூரி ஆய்வுக்கூடப் பழக்கத்தை. அங்கே ஒருமுறை வந்துவிட்டால் அது முடிவு. இங்கே, உங்களைப் பார்த்தே இராத ஓர் ஆபரேட்டர், நீங்கள் எழுதிய தாளை மட்டும் வைத்துக்கொண்டு, 5 டன் தொட்டியில் இரவு ஷிப்டில் செய்தாலும் அதே பொருள் வர வேண்டும். பீக்கரில் நன்றாக வந்த ஷாம்புவுக்கு இங்கே பெரிய மதிப்பில்லை. திரும்பத் திரும்ப வரும்படி எழுதிக் கொடுத்த முறைக்குத்தான் மதிப்பு.

தலைமுடி ஷாம்புவை உதாரணமாக வைத்து எழுதியிருக்கிறோம். சோப்பு, க்ரீம், துணி சோப்புத்தூள் எதில் போட்டாலும் வேலையின் வரிசை கிட்டத்தட்ட இதுவே. எம்.எஸ்சி. வேதியியல், பி.டெக். கெமிக்கல், பார்மசி, மும்பை ஐசிடியின் (வேதித் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம்) எண்ணெய் மற்றும் சர்ஃபாக்டன்ட் (அழுக்கைக் கழுவி நுரை தரும் பொருள்) படிப்பு எனப் பல வழிகளில் ஆட்கள் வருகிறார்கள். எந்தப் படிப்பும் இந்த வேலையை முழுதாகச் சொல்லித்தருவதில்லை.

பிரீஃபைப் படிப்பது

மார்க்கெட்டிங்கிலிருந்து ஒரு பக்கத் தாள் வரும். 'பட்டுப்போன்ற மென்மை, செழிப்பான நுரை, சாஷேவில், இன்ன விலையில்' என்று இருக்கும். அதை அப்படியே எடுத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போகாதீர்கள். ஒவ்வொரு சொல்லையும் அளக்கக்கூடிய ஒன்றாக மாற்றி, அவர்களிடமே திருப்பி அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். மென்மை என்றால் ஈரத்திலா, காய்ந்த பிறகா? எந்தப் போட்டிப் பொருளோடு ஒப்பிட? நுரை என்றால் எந்தத் தண்ணீரில், எண்ணெய் வைத்த தலையிலா, வைக்காத தலையிலா?

கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும். ஆனால் இங்கே நிறையப் பேர் தேங்காய் எண்ணெய் வைத்து ஊறிய தலையை, போர்வெல் தண்ணீரில், ஒரு வாளியும் ஒரு மக்கும் வைத்துக்கொண்டு, ஒற்றை சாஷேவில் அலசுகிறார்கள். சுத்திகரித்த தண்ணீரில் எண்ணெயில்லா முடியில் பார்த்த நுரை இவர்களைப் பற்றி எதுவும் சொல்லாது.

விலைக் கணக்கையும் முதல் நாளே போட்டுப் பழகுங்கள். கிலோ 1,000 ரூபாய் மதிப்புள்ள ஒரு மூலப்பொருளை 0.1% கூட்டினால் ஒரு கிலோ ஷாம்புவுக்கு 1 ரூபாய் ஏறும். 6 கிராம் சாஷேவுக்கு 0.6 பைசா. ஒரு கோடி சாஷேவுக்கு 60,000 ரூபாய். கடலூரில் சின்னி கிருஷ்ணன் தொடங்கிவைத்து, அவர் மகன் சி. கே. ரங்கநாதன் சிக் ஷாம்பு மூலம் ஊரூராகக் கொண்டுபோன சாஷே வியாபாரம் முழுவதும் இந்தப் பைசாக் கணக்கில்தான் நிற்கிறது. 'கொஞ்சம்தானே' என்ற சொல்லை மறந்துவிடுங்கள்.

ஆக்டிவ் கணக்கு

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. எஸ்.எல்.இ.எஸ். என்பது சோடியம் லாரெத் சல்ஃபேட், ஷாம்புவின் முக்கிய சர்ஃபாக்டன்ட். ஃபார்முலாவில் 'எஸ்.எல்.இ.எஸ். 12%' என்று இருந்தால் அது பெரும்பாலும் ஆக்டிவ் அளவு, அதாவது தண்ணீரைக் கழித்து நிஜமாக வேலை செய்யும் பொருளின் அளவு. டிரம்மில் வருவது 70% பேஸ்ட், அல்லது 28% திரவம். 70% பேஸ்ட்டில் 12% ஆக்டிவ் வேண்டுமென்றால் கிலோவுக்கு 120 ÷ 0.70 = 171.4 கிராம். 120 கிராம் பேஸ்ட் போட்டால் 8.4% தான் கிடைக்கும். அப்புறம் எவ்வளவு உப்பு போட்டாலும் கெட்டியாகவில்லையே என்று இரண்டு நாள் தேடுவீர்கள்.

கோகமிடோபுரொப்பைல் பீட்டெய்ன், அதாவது எல்லோரும் சி.ஏ.பி.பி. என்று சொல்வது, 30% ஆக்டிவாக வரும். 2% வேண்டுமென்றால் 66.7 கிராம். இதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. அதைத் தயாரிக்கும் வினையிலேயே சாதா உப்பு உண்டாவதால் சி.ஏ.பி.பி.யோடு 5-6% உப்பும் சேர்ந்தே வருகிறது. நீங்கள் ஒரு துளி உப்பு போடுமுன்பே கிலோவுக்கு 3.3 முதல் 4 கிராம் உப்பு உள்ளே போயாயிற்று. சப்ளையரை மாற்றினால் இந்த எண்ணும் மாறும். பகுப்பாய்வுச் சான்றிதழில் முதலில் பார்க்க வேண்டிய வரிகள் ஆக்டிவ் சதவீதமும் உப்புச் சதவீதமும்.

ஒரு கிலோ பேட்ச்

பழகுவதற்கு ஒரு கண்டிஷனிங் ஷாம்பு:

எஸ்.எல்.இ.எஸ். 70% பேஸ்ட்: 171.4 கிராம்
சி.ஏ.பி.பி. 30%: 66.7 கிராம்
கேட்டயானிக் குவார் (நேர்மின்னேற்றம் கொண்ட கொத்தவரைப் பிசின்): 2 கிராம்
டைசோடியம் இ.டி.டி.ஏ.: 1 கிராம்
கோல்டு (குளிர்முறை) பேர்ல், அதாவது மினுக்கம் தரும் கிளைகால் டைஸ்டியரேட் கலவை: 20 கிராம்
சிலிக்கோன் எமல்ஷன் 50%: 20 கிராம்
சோடியம் பென்சோயேட்: 5 கிராம்
வாசனை: 6 கிராம்
சிட்ரிக் அமிலம் 50% கரைசல், உப்பு 20% கரைசல்: தேவைக்கு
தாது நீக்கிய தண்ணீர்: மொத்தம் 1,000 கிராம் வரும்வரை

2 லிட்டர் பீக்கரை எடுங்கள். 1 லிட்டர் பீக்கரில் நுரை வழியும். முதலில் காலி பீக்கரையும் ஸ்டிரர் பிளேடையும் எடைபோட்டு எழுதிவையுங்கள். கடைசியில் தண்ணீர் ஈடுகட்ட அது வேண்டும்.

620 கிராம் தண்ணீரில் இ.டி.டி.ஏ.வைக் கரையுங்கள். ஸ்டிரரை நிமிடத்துக்கு 400-500 சுற்றில் ஓடவிட்டு, சுழியின் ஓரத்தில் குவாரைத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் உப்புமாவில் கொட்டிய ரவைபோல் வெளியே நனைந்து உள்ளே காய்ந்த கட்டிகளாகும்; அவை பிறகு கரையவே மாட்டா. பத்து நிமிடத்தில் பரவிவிடும், ஆனால் தண்ணீர் கெட்டியாகாது. பயப்பட வேண்டாம். பல குவார் வகைகளை, உடனே ஊறாதபடி பதப்படுத்தித்தான் அனுப்புகிறார்கள். சிட்ரிக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஹெச்சை 6-க்குக் கீழே இறக்கினால்தான் ஊறத் தொடங்கும். பதினைந்து இருபது நிமிடத்தில் கரைசல் மெல்லிய கூழ்போல் திரளும். அதற்கு முன்பு எஸ்.எல்.இ.எஸ். போட்டுவிட்டால் ஊறுவது தடைப்பட்டு, மீன்கண் போன்ற மணிகள் கடைசிவரை மிதக்கும். பேட்ச் போயிற்று.

அடுத்தது பேஸ்ட். தண்ணீருக்குள்தான் பேஸ்ட் போக வேண்டும். பேஸ்ட்டின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. காரணம் இதுதான்: 70%-ல் எஸ்.எல்.இ.எஸ். நகரக்கூடிய அடுக்கு நிலையில் இருக்கிறது. அதை நீர்க்கச் செய்யும்போது சுமார் 60 முதல் 30 சதவீதம் வரையிலான இடைவெளியில் அறுகோண நிலை எனும் இறுகிய ஜெல்லாக மாறும். கத்தியால் வெட்டலாம், அவ்வளவு இறுக்கம். தண்ணீருக்குள் சிறுசிறு பங்காகப் போட்டால் அந்த நிலையைத் தாண்டி 12 சதவீதத்துக்கு வந்துவிடும். நான்கைந்து பங்காகப் போடுங்கள். தண்ணீர் 45-50 டிகிரியில் இருந்தால் நல்லது. சுற்றை 150-200-க்கு இறக்கி, பிளேடு முழுவதும் மூழ்கியிருக்கும்படி வையுங்கள். 40 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் ஆகும். அவசரப்பட்டுச் சுற்றைக் கூட்டினால் காற்று உள்ளே போய்விடும். ஷாம்புவிலிருந்து காற்று லேசில் வெளியேறாது, காற்றோடு அளந்த விஸ்காசிட்டி (கெட்டித்தன்மையின் அளவு) பொய் சொல்லும்.

பேஸ்ட் முழுதாகக் கரைந்ததும் சி.ஏ.பி.பி. பத்து நிமிடத்தில் மெதுவாக. 40 டிகிரிக்குக் கீழே ஆறவிட்டு பேர்ல், பிறகு சிலிக்கோன் எமல்ஷன். பேர்ல் மினுக்கத்துக்கு மட்டுமில்லை. அதன் நுண்படிகங்கள் சிலிக்கோன் துளிகள் மேலே மிதக்காமல் தாங்கிப்பிடிக்கவும் உதவுகின்றன. விலையைக் குறைக்கிறேன் என்று பேர்லை எடுத்துவிட்டு, எட்டாவது வாரம் பாட்டில் கழுத்தில் எண்ணெய் வளையம் கண்டவர்கள் உண்டு.

பென்சோயேட்டை 20 கிராம் தண்ணீரில் தனியாகக் கரைத்து ஊற்றுங்கள். அது நன்றாகப் பரவிய பிறகே அமிலம். இரண்டும் செறிவாக ஒரே இடத்தில் சந்தித்தால் பென்சாயிக் அமிலம் வெள்ளைத் துகளாகப் படியும். பிறகு வாசனை, பிறகு பிஹெச்சை 4.8-5.2-க்குக் கொண்டுவருவது, கடைசியாக உப்பு.

உப்பு வளைவு

ஷாம்பு கெட்டியாவது உப்பால். உப்பு போடப்போட சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுகளின் திரள்கள் நீண்ட புழுபோல வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஒரு உச்சத்துக்குப் பிறகு இன்னும் போட்டால் அந்தப் பின்னல் கிளைவிட்டு நழுவ, திடீரென்று தண்ணீராகிவிடும். அந்தப் பக்கம் போய்விட்டால் உப்பைத் திரும்ப எடுக்க முடியாது. தண்ணீரும் சர்ஃபாக்டன்ட்டும் சேர்த்துப் பேட்ச்சைப் பெரிதாக்கித்தான் மீட்கலாம்.

ஆகவே ஒவ்வொரு புது ஃபார்முலாவுக்கும் வளைவை வரையுங்கள். உப்பு போடாத பேட்ச்சை 100 கிராம் வீதம் எட்டு ஜாடியில் பிரியுங்கள். 0, 0.2, 0.4 என்று 0.2% ஏற்றமாக உப்புக் கரைசல் போட்டு, எல்லாவற்றிலும் மொத்த எடை சமமாக வருமாறு தண்ணீர் சேருங்கள். 24 மணி நேரம் மூடிவைத்து, 25 டிகிரியில் ப்ரூக்ஃபீல்டு விஸ்காசிட்டி கருவியில் அளங்கள். ஸ்பிண்டில் எண், சுற்று, எத்தனையாவது விநாடியில் எடுத்த அளவு, இந்த மூன்றும் இல்லாமல் 'விஸ்காசிட்டி 6,000' என்று எழுதினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

உங்கள் இலக்கு வளைவின் ஏறுமுகத்தில், உச்சத்துக்கு நன்றாக முன்னால் இருக்க வேண்டும். 4,000 முதல் 8,000 சென்டிபாய்ஸ் வரை பாட்டில் ஷாம்புவுக்குப் பொதுவாகப் போதும். இலக்கு விழும் இடத்தில் வளைவு செங்குத்தாக இருந்தால், ஆலையில் உப்பு 0.1% மாறினாலே ஸ்பெக்கை, அதாவது அனுமதித்த எல்லையை, தாண்டிவிடும். அந்த ஃபார்முலாவை ஏற்காதீர்கள், சி.ஏ.பி.பி. விகிதத்தை மாற்றி வளைவைத் தட்டையாக்கப் பாருங்கள்.

வாசனை மாறினாலும் வளைவு நகரும். ஜிவோடான், சிம்ரைஸ் போன்ற வாசனை நிறுவனங்களிலிருந்து மூன்று மாதிரி வரும். மார்க்கெட்டிங் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, 'வாசனை மட்டும்தானே மாற்றம்' என்பார்கள். வாசனை எண்ணெய்கள் அந்தப் புழுத்திரள்களுக்குள் நுழைந்து, ஒன்று கெட்டியாக்கும், மற்றொன்று நீர்க்கவைக்கும். 0.6% வாசனை மாற்றம் விஸ்காசிட்டியைப் பாதியாக்குவது அபூர்வமில்லை. வாசனை முடிவாகாமல் விஸ்காசிட்டி ஸ்பெக்கில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கிருமி

மேலே சொன்ன ஃபார்முலாவில் பாதுகாப்பான் சோடியம் பென்சோயேட். அது வேலை செய்வது பிரியாத அமில வடிவில் மட்டும். பிஹெச் 5-ல் சுமார் 14% தான் அந்த வடிவில் இருக்கும். 6-ல் 2 சதவீதத்துக்கும் குறைவு. ஆக, யாராவது பிஹெச்சை 6-க்கு விட்டுவிட்டால் பாதுகாப்பான் இருந்தும் இல்லாத மாதிரிதான். அதற்காக 4-க்குக் கீழேயும் போக முடியாது, எஸ்.எல்.இ.எஸ். அமிலத்தில் சிதையத் தொடங்கும், சிதையும்போது இன்னும் அமிலம் உண்டாகி வேகம் பிடிக்கும். 4.8-5.2 என்ற குறுகிய இடைவெளிக்குக் காரணம் இதுவே.

சோதனை முறை ஐஎஸ்ஓ 11930. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ் ஏருஜினோசா, இ. கோலை, கேண்டிடா ஆல்பிகன்ஸ், ஆஸ்பர்ஜில்லஸ் பிரசிலியென்சிஸ் ஆகிய ஐந்தையும் தனித்தனியாக ஷாம்புவில் விட்டு 7, 14, 28-ஆம் நாள் எண்ணுவார்கள். பாக்டீரியா 7 நாளில் ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்திருக்க வேண்டும். பென்சோயேட் தடுமாறுவது பெரும்பாலும் சூடோமோனாஸிடம், இ.டி.டி.ஏ. அதன் வெளிச்சவ்வைத் தளர்த்திக் கை கொடுக்கும். 1 கிராம்தானே என்று அதை நீக்கச் சொல்லி யாராவது வந்தால், இந்தச் சோதனை முடிவைக் காட்டுங்கள். ஒரு சுற்றுக்கு நான்கு வாரம் போய்விடும், ஆகவே மைக்ரோ பிரிவில் இடம் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். திட்டம் தாமதமாவது பெரும்பாலும் இங்கேதான்.

நுரையும் முடிக்கற்றையும்

கடினநீரை நீங்களே தயாரிக்கலாம். ஒரு லிட்டர் தாது நீக்கிய தண்ணீரில் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 0.294 கிராம், மெக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 0.203 கிராம் கரைத்தால் 300 பிபிஎம் கடினத்தன்மை. அதில் 1% ஷாம்புக் கரைசல் 50 மில்லி எடுத்து, மூடியுள்ள அளவு உருளையில் ஒரே சீராகப் பத்து முறை குலுக்கி, உடனேயும் ஐந்து நிமிடம் கழித்தும் நுரை உயரம் பாருங்கள். அதே சோதனையை 0.1 கிராம் தேங்காய் எண்ணெய் விட்டும் செய்யுங்கள். எண்ணெய் விடாமல் முதலிடம் பிடித்தது, எண்ணெய் விட்டதும் கடைசிக்குப் போவதைப் பார்ப்பீர்கள்.

மென்மைக்கு முடிக்கற்றை. ஒரே கொள்முதலில் வந்த, 3 கிராம், 20-25 செ.மீ. கற்றைகளை வாங்கி, எஸ்.எல்.இ.எஸ். கரைசலில் கழுவிப் பழைய பூச்சுகளை நீக்குங்கள். 38-40 டிகிரி தண்ணீரில் நனைத்து, கிராம் முடிக்கு 0.1 கிராம் ஷாம்பு, 30 விநாடி தேய்த்து, 30 விநாடி அலசி, இன்னொரு முறை. தண்ணீரின் வேகத்தை நிலைப்படுத்தாமல் அலசினால் ஒப்பீடு கெட்டுவிடும். ஒவ்வொரு மாதிரிக்கும் குறைந்தது ஐந்து கற்றை. குவாரும் சிலிக்கோனும் இல்லாத வெற்று ஷாம்பு ஒன்று எப்போதும் கூடவே இருக்கட்டும். சீப்பு விசையை ஈரத்தில் உடனே அளங்கள். காய்ந்த முடியை மட்டும் ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் ஓர் இரவு வைத்து அளங்கள். மழைநாளில் சாதா அறையில் எடுத்த உலர்முடி எண்ணை யாரும் நம்ப வேண்டாம்.

குவார் எப்படி உதவுகிறது என்றால், செறிவான ஷாம்புவில் அது கரைந்தே இருக்கும். அலசும் தண்ணீர் சேர்ந்து நீர்க்கும்போதுதான் சர்ஃபாக்டன்ட்டோடு சேர்ந்து பிரிந்து, போகிறபோக்கில் சிலிக்கோனையும் இழுத்துக்கொண்டு முடியில் படியும். அதனால்தான் குவாரின் அளவை 0.2-லிருந்து 0.4 சதவீதமாக்கினால் இரட்டிப்பு மென்மை வருவதில்லை. வேரில் பிசுபிசுப்பும், மூன்றாவது நாளே எண்ணெய் வழிவது போன்ற தோற்றமும்தான் வரும்.

ஸ்டெபிலிட்டி

5, 25, 40, 45 டிகிரிகளில், கண்ணாடி ஜாடியிலும் விற்பனைப் பாக்கிலும், 12 வாரம். 24 மணி நேரம், 1, 2, 4, 8, 12 வாரங்களில் நிறம், மணம், பிஹெச், விஸ்காசிட்டி. இதோடு உறைய வைத்து உருக்கும் சுற்று மூன்று, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு ஜாடி. ஒவ்வொரு தேதிக்கும் தனி ஜாடி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஜாடியைத் திறந்து திறந்து அளந்தால் தண்ணீர் ஆவியாகி விஸ்காசிட்டி ஏறியதாகத் தெரியும். 45 டிகிரி ஜாடியை வெளியே எடுத்து ஒரு நாள் 25-ல் வைத்த பிறகே அளங்கள். கூடவே, சந்தையில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளையும் அதே அறையில் வையுங்கள். அதுவும் 45-ல் நிறம் மாறினால் உங்கள் பொருளின் நிறமாற்றத்துக்கு அவ்வளவு அலற வேண்டியதில்லை.

சாஷே தனி உலகம்

பாட்டிலில் வெற்றிபெற்றது சாஷேவில் தோற்கலாம். நிரப்பும் முனையிலிருந்து ஷாம்பு நூலாக இழுபட்டால் அந்த நூல் சீல் விழும் இடத்தில் ஒட்டி, சீல் பிடிக்காது. எனவே விஸ்காசிட்டி எண் மட்டும் போதாது. கரண்டியில் எடுத்துச் சாய்த்து, சொட்டு சட்டென்று அறுபடுகிறதா என்று பாருங்கள். கசிவுக்கு, சாஷேக்களைத் தண்ணீரில் மூழ்கவைத்து வெற்றிடம் இழுக்க வேண்டும். குமிழி வரிசை எழுந்தால் எந்தச் சீலில் ஓட்டை என்று தெரிந்துவிடும்.

உள்அடுக்கான பாலித்தீன் வாசனையை உறிஞ்சும். எலுமிச்சை, ஆரஞ்சு வகை மணங்கள் முதலில் காணாமல் போகும். சில வாசனைகள் அடுக்குகளுக்கு இடையிலுள்ள பசையையே தளர்த்திவிடும். பத்து சாஷேக்களுக்கு எண் போட்டு 40 டிகிரி அறையில் வைத்து வாராவாரம் எடைபோடுங்கள். எடை இறங்கிக்கொண்டே போனால் சட்டமுறை எடையளவு விதிகளின்படி நிகர அளவு குறையும் சிக்கல் வரும். பெட்டிக்கடை வாசலில் சரமாக வெயிலில் தொங்கப்போகும் பொருள் இது. 25 டிகிரி முடிவை மட்டும் வைத்து ஆயுளைத் தீர்மானிக்க முடியாது. இன்னொன்று, ஈரக் கையால் கிழித்துப் பாருங்கள். கிழிக்க முடியாத சாஷேவைப் பல்லால் கடிப்பார்கள், அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பீக்கரிலிருந்து தொட்டிக்கு

1 கிலோ, பிறகு பைலட் பிளான்ட்டில் (சிறு சோதனை ஆலை) 20-50 கிலோ, பிறகு 5 டன். சுற்று எண்ணை அப்படியே மாற்றி எழுதாதீர்கள்; பிளேடு முனையின் வேகத்தைப் பாருங்கள். 5 செ.மீ. பிளேடு 300 சுற்றில் ஓடினால் முனை வேகம் விநாடிக்கு 0.785 மீட்டர். தொட்டியைக் கலக்கும் 1.5 மீட்டர் ஆங்கர் 10 சுற்றிலேயே அதை எட்டிவிடும். ஆனால் முனை வேகம் சமமானாலும் கலக்கும் நேரம் சமமாகாது. பீக்கரில் ஐந்து நிமிடத்தில் கலந்த உப்பு தொட்டியில் 30-40 நிமிடம் கேட்கும். அதற்குள் சாம்பிள் எடுத்து 'விஸ்காசிட்டி குறைவு' என்று இன்னும் உப்பு போட்டுவிட்டால், எல்லாம் கலந்தபின் வளைவின் மறுபக்கம் நிற்பீர்கள். ஆகவே முறைத்தாளில் 'கலக்கவும்' என்று எழுதாமல், 'ஆங்கர் 10 சுற்றில் 40 நிமிடம், பின் மேல், நடு, அடி மூன்று சாம்பிள். மூன்றும் 5 சதவீதத்துக்குள் ஒத்தால் மட்டும் அடுத்த படி' என்று எழுதுங்கள்.

சூட்டுமுறையில் பேர்ல் உருவாக்குவதாக இருந்தால் ஆறும் வேகம் பெரிய வேறுபாடு. பீக்கர் அரை மணியில் ஆறும், தொட்டி பல மணி நேரம் எடுக்கும். படிகத்தின் அளவு மாறி மினுக்கம் மங்கும். கோல்டு பேர்லைப் பலர் விரும்புவதற்குக் காரணம் இதுதான். மொத்தத் தண்ணீரில் 2-3 சதவீதத்தைக் கடைசிவரை கையில் வைத்திருங்கள். குழாய் கழுவவும் திருத்தவும் வேண்டும்.

முதல் ஆலை பேட்ச்சின்போது ஆபரேட்டரின் பக்கத்திலேயே நில்லுங்கள், ஆனால் வால்வைத் தொடாதீர்கள். அவர் உங்கள் தாளை எப்படிப் புரிந்துகொள்கிறார் என்று பார்ப்பதுதான் வேலை. 'அண்ணா, இந்த இடத்தில் வழக்கமா என்ன பண்ணுவீங்க?' என்று கேட்டால் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத பதில் கிடைக்கும்.

சட்டமும் காப்புரிமையும்

இந்தியாவில் அழகுசாதனப் பொருட்களுக்கு 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும், 2020-ஆம் ஆண்டு காஸ்மெட்டிக்ஸ் விதிகளும். ஷாம்புவுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 7884. அனுமதித்த நிறமிகளும் தவிர்க்க வேண்டிய பொருட்களும் ஐஎஸ் 4707-இன் பகுதிகளில். 2014 முதல் அழகுசாதனப் பொருட்களை விலங்குகளில் சோதிக்கத் தடை. ஏற்றுமதி உண்டென்றால் அந்தந்த நாட்டுச் சட்டத்தை முதலிலேயே பாருங்கள்: பொடுகு ஷாம்புவில் இங்கே வழக்கமான ஜிங்க் பைரிதியோன் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 முதல் அழகுசாதனங்களில் கிடையாது.

செம்பருத்தி, சீயக்காய் என்று மூலிகைச் சாறு எடுக்கும் திட்டமா? 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டமும் அதன் 2023 திருத்தமும் வரும். வெளிநாட்டுக் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனம் என்றால் ஆராய்ச்சிக்கே தேசிய பல்லுயிர் ஆணையத்தின் முன்அனுமதி வேண்டும்; அதன் தலைமையகம் சென்னை தரமணியில். முதல் கிலோ செடி வாங்குமுன்பே சட்டப்பிரிவிடம் கேளுங்கள். வாங்கியபின் கேட்டால் அதுவரை எடுத்த எல்லாத் தரவும் பயன்படுத்த முடியாமல் போகலாம்.

காப்புரிமை விண்ணப்பம் போகுமுன் மாநாட்டில் போஸ்டர் வைக்காதீர்கள், சப்ளையரிடம் விகிதங்களை உளறாதீர்கள். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(இ) பிரிவு வெறும் கலவையை ஏற்காது. இரண்டு பொருள் சேர்ந்தால் தனித்தனியான பலனின் கூட்டலைவிட அதிகம் வருகிறது என்று காட்ட, ஒவ்வொன்றையும் தனியாகப் போட்ட பேட்ச்களின் தரவு தேவை. அதை ஆரம்பத்திலேயே செய்து நோட்டில் தேதியோடு பதியுங்கள்; இரண்டு வருடம் கழித்து அதே லாட் மூலப்பொருள் கிடைக்காது.

நுகர்வோர் சோதனை

நூறு பேரிடம் இரண்டு ஷாம்பு கொடுத்து எது பிடித்தது என்று கேட்டால், 56 பேர் உங்களுடையதைச் சொன்னதும் மார்க்கெட்டிங் கேக் வெட்டத் தயாராகும். 95% நம்பகத்துக்கு 61 பேர் வேண்டும். ஐம்பது பேர் என்றால் 33. இந்த இரண்டு எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், கூட்டங்களில் உதவும்.

பாட்டில்களுக்கு ஏ, பி என்று பெயரிடாமல் 417, 682 போல மூன்றிலக்க எண் இடுங்கள். முதலெழுத்துக்கு இயல்பாகவே ஓட்டு விழும். பாதிப்பேருக்கு ஒன்று முதலில், மீதிப்பேருக்கு மற்றது முதலில். கேள்வியை உள்ளூர்ப் பேச்சில் கேட்பவர் கேட்கட்டும். 'முடி சிக்கல் எடுக்குதா', 'கையில் வழுக்குதா', 'அலசினப்புறம் பிசுபிசுங்குதா' என்ற கேள்விகளுக்குப் பெண்கள் தரும் பதில், 'கண்டிஷனிங்கை ஒன்பதில் மதிப்பிடவும்' என்பதற்குத் தருவதைவிடத் துல்லியம்.

பாக்கில் எழுதும் ஒவ்வொரு வாசகத்துக்கும் பின்னால் ஒரு சோதனை எண் இருக்க வேண்டும். 'முடி உதிர்வு குறையும்' என்றால் வேரோடு விழுவதையா, சீவும்போது உடைவதையா சொல்கிறீர்கள்? ஷாம்புவால் உடைவதைத்தான் குறைக்க முடியும். சீவி உடைந்த இழைகளை எண்ணிய தரவு அதற்குத்தான் ஆதாரம். விளம்பரத் தர அமைப்பான ஆஸ்கியிடம் போட்டி நிறுவனம் புகார் கொடுத்தால் உங்கள் நோட்டைத்தான் முதலில் கேட்பார்கள்.

பொருள் கடைக்குப் போன பிறகு

ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் எடுத்துவைத்த மாதிரி, பயன்பாட்டுக் காலம் முடியும்வரை அலமாரியில் இருக்க வேண்டும். 'தண்ணியா இருக்கு', 'நாத்தம் வருது' என்று புகார் வந்தால் முதலில் பேட்ச் எண்ணைப் படித்து அந்த மாதிரியைத் திறங்கள். மாதிரி நன்றாக இருந்து, திரும்பி வந்த பாட்டிலின் உப்பும் பிஹெச்சும் மாதிரியோடு ஒத்திருந்தால் கடையில் பட்ட வெயிலையோ பாக்கையோ சந்தேகியுங்கள். இரண்டும் சேர்ந்தே நீர்த்திருந்தால் அந்த வாரம் வந்த சி.ஏ.பி.பி. லாட்டின் உப்புச் சதவீதத்தைப் பாருங்கள். மாதிரியும் பாட்டிலும் வேறுவேறு பொருளாக இருந்து, பாட்டிலின் அடியிலுள்ள அச்சும் மங்கலாக இருந்தால், அது போலி. ஃபார்முலாவைத் தொடாமல் கோப்பை அப்படியே சட்டப்பிரிவுக்கு அனுப்பிவிடுங்கள்.